குவார்ட்டருக்கு ஒரு அடி

சிலுவைத்துறையில் எஞ்சின் மெக்கானிக் தொம்மையின் வீடு முதன்முதலாகக் கடலைப் பார்த்து ஓர் அடி நகர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலை அவன் மனைவி அமலி என்ற அமலோற்பவம் பின்வாசல் கதவைத் திறந்து, பாதித் தூக்கத்தில், பன்னிரண்டு வருடப் பழக்கத்தில், துவைகல் இருக்கும் இடத்தில் காலை வைத்தபோது கல் அங்கே இல்லை. அது ஓர் அடி பின்னால் கிடந்தது, கல்லுக்கும் சுவருக்கும் நடுவே, கட்டுப் பிரித்த இடத்துத் தோல் மாதிரி வெளிறிப்போய், ஈர மண் ஒரு பட்டையாகத் தெரிந்தது, அதில் மண்புழுக்கள் வெளிச்சம் பட்டு நெளிந்துகொண்டிருந்தன. யாரோ கல்லை நகர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் வாளியைத் தூக்கினாள். புதன்கிழமை தொம்மை இரண்டு குவார்ட்டர் குடித்தான், வியாழன் காலை வீடு இரண்டடி தள்ளி நின்றது. வெள்ளிக்கிழமை ஒன்றரை குடித்தான், சனிக்கிழமை ஒன்றரை அடி. அதற்குப் பிறகு அவள் யாரையும் சந்தேகப்படவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கரண்ட் கம்பி வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டு காற்றில் ரீங்காரம் போட ஆரம்பித்ததும் தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

லைன்மேன் வந்தார். கம்பியைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், பீடி பிடித்துக்கொண்டு நின்ற தொம்மையைப் பார்த்தார். பிறகு கம்பத்தில் ஏறி, இனி அடிக்கடி ஏற முடியாது என்று சொல்லி, இருநூறு முழம் கம்பியைச் சுருட்டித் தொங்கவிட்டுப் போனார். பங்குச் சாமியார் வீட்டின் நாலு மூலையிலும் மந்திரித்த தண்ணீர் தெளித்து, அடுத்த ஞாயிறு பூசையில் மழைக்கும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் நடுவில் தொம்மை வீட்டுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொன்னார். அடுத்த வீட்டுக் கித்தேரி, வீடு விட்டுப்போன இடம் சும்மாதானே கிடக்கிறது என்று தன் ஆட்டுக் கொட்டிலை ஒரு மூங்கில் நீளத்துக்கு இழுத்துக் கட்டிக்கொண்டாள், வீடு திரும்பி வந்தால் பிரித்துவிடுகிறேன் என்று அமலியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கட்டினாள்.

வள்ளக்காரர்களுக்குத்தான் சிரமமாக இருந்தது. கடலுக்குள்ளிருந்து பார்க்கும்போது கோயில் கோபுரமும் தொம்மை வீட்டுச் சிவப்பு ஓடும் ஒரே நேராக வந்தால் அதற்கு அடியில் மீன் கூடும் பாறை இருக்கும் என்பது அந்தக் கரையின் கணக்கு. வீடு நகர்ந்ததும் கணக்குத் தப்பி, இரண்டு பேருடைய வலை பாறையில் சிக்கிக் கிழிந்தது. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் வள்ளம் இறக்குமுன் ஒருவர் அமலியின் வாசலில் வந்து நின்று, “நேத்து எத்தன?” என்று கேட்பார், அவள் கதவுக்குப் பின்னாலிருந்து எண்ணைச் சொல்வாள், அவர் அதற்குத் தக்கபடி குறியைத் திருத்திக்கொண்டு போவார். அதில் கேலி இல்லை, காற்று எந்தப் பக்கம் என்று கேட்பது போலத்தான் கேட்டார்கள், அவளும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு காலையும் அந்தக் கேள்வி வரும் நேரத்தில் தொம்மை பாயில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான்.

அதுவரைக்கும் எவ்வளவு குடித்தோம் என்பது அவனுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் இருந்த விஷயம். இப்போது ஊரே அறியும். அவன் வீட்டை ஏமாற்றிப் பார்த்தான். டவுனுக்குப் போய்க் குடித்தான், வீடு நகர்ந்தது. மச்சான் வீட்டில் குடித்துவிட்டு அங்கேயே படுத்தான், மச்சான் வீடு அசையவில்லை, அவன் வீடுதான் நகர்ந்தது. பீர் குடித்தால் அரை அடி நகர்ந்தது. உடம்பு சரியில்லை என்று நாட்டு மருந்துக் கடையில் அரிஷ்டம் வாங்கி ஒரு மூடி குடித்தான்; மறுநாள் பின்சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் சரியாக விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. நிறுத்தியும் பார்த்தான், மூன்று தடவை. மூன்று தடவையும் இரண்டாம் நாள் கை நடுங்கி, ஸ்பார்க் பிளக்கைத் திருக முடியாமல் மண்ணில் போட்டான், மூன்றாம் நாள் தோலுக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது, நான்காம் நாள் கடைக்குப் போனான்.

நடுவில் அமலி ஒருமுறை மகள் பிரின்சியைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். ஆளில்லாத வீட்டில் தொம்மை இரண்டு நாளும் இடைவிடாமல் குடித்தான், அவள் திரும்பி வந்தபோது வீடு ஏழடி போயிருந்தது. அன்றைக்கு அவள் மனதில் ஒரு எண்ணம் விழுந்தது: தான் உள்ளே இருக்கிற பாரத்தில்தான் வீடு மெதுவாகப் போகிறது, தான் இறங்கிவிட்டால் ஒரே மூச்சில் ஓடிவிடும். அதன் பிறகு அவள் வெளியே போவதைக் குறைத்தாள். அம்மியைத் தூக்கி உள்ளே போட்டாள், ஆட்டுக்கல்லைப் போட்டாள், சாக்குகளில் மணல் அள்ளி நாலு மூலையிலும் அடுக்கினாள், நடுவீட்டில் உட்கார்ந்து மீன் கழுவினாள், வலை பின்னினாள். பத்து வயதுப் பிரின்சி செருப்பைக் கழற்றாமல் தூங்கப் பழகிக்கொண்டாள். பள்ளிக்கூடப் பையைத் தலைக்கு வைத்து, செருப்புக் காலை பாய்க்கு வெளியே நீட்டி அவள் படுத்திருப்பதைத் தொம்மை பார்ப்பான், ஏன் என்று கேட்கமாட்டான்.

கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் முதலில் இருந்த முந்நூறடி தூரம் இப்படியே குறைந்து நாற்பத்திரண்டு ஆனபோது வீடு, வள்ளங்களைக் கரையோரமாகச் சாய்வாக இழுத்துப் போடுகிற தடத்தை மறித்துக்கொண்டு நின்றது. வள்ளம் ஏற்றவும் இறக்கவும் வழியில்லை. வள்ளக் கமிட்டித் தலைவர் ராயப்பன் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் வந்தார். நல்ல மனுஷர், தொம்மையின் கல்யாணத்தில் பந்தல் போட்டவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“நாலடி போதும் தொம்மை. தடம் விட்டுரும். நாங்களே வாங்கிட்டு வந்திருக்கோம்.”

தொம்மை வீட்டு வாசலுக்கு எதிரே மணலில் உட்கார்ந்து, வெயிலில், நான்கு குவார்ட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தான். அவர்கள் சுற்றி நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாவது முடிந்து கொஞ்ச நேரத்தில் சுவர் அடியில் மணல் சரசரவென்று சத்தம் போட்டது, வீடு நகர்ந்தது. பகலில், கண்ணெதிரே அது நகர்வதைத் தொம்மை பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஓடுகள் ஒன்றோடொன்று உரசின, கொடியில் கிடந்த துணி ஆடியது, பாரமான ஒரு பிராணி கால்களை மடக்கிக்கொண்டே முன்னேறுவது போல அது வந்தது. மூன்றாவது பாட்டிலின்போது கூட்டத்தில் ஒருவன், வள்ளம் தள்ளித் தள்ளிப் பழகிய வாயால், தன்னை அறியாமல் ‘ஐலசா’ என்று குரல் கொடுத்துவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தான். தொம்மை நிமிர்ந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரின்சி நின்றாள். அவள் அழவில்லை. வீட்டோடு சேர்ந்து அவள் முகமும் கொஞ்சம் கொஞ்சமாக அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது, அவள் பார்த்தது அவனையல்ல, அவனுக்குப் பின்னாலிருந்த கடலை. நான்காவது பாட்டில் கையில் இருந்தது. அதைக் குடிக்கக் கூடாது என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே, வேறு யாரோ குடிப்பதைப் பார்ப்பது மாதிரி, தன் கை அதை வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்த்தான். அந்த நிமிஷத்தில் அவனுக்கு வந்த பயம் கடலைப் பற்றியது அல்ல. கடலாவது வெளியே இருந்தது.

அந்த வாரம் பிரின்சிக்குக் காய்ச்சல் கண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், ஏன் பிள்ளை செருப்போடு படுக்கிறாள் என்று கேட்டு, பதிலைக் கேட்டுவிட்டு, ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எதையோ எழுதி அமலியிடம் கொடுத்தாள். அமலி அதைத் தொம்மையின் சட்டைப் பையில் பீடிக் கட்டுக்கு அடியில் வைத்தாள். சொல்லிச் சொல்லி ஓய்ந்தவள். அந்தச் சீட்டு அவன் நெஞ்சில் பல நாள் இருந்தது, சட்டையோடு துவைபட்டது, மை கரைந்து, கடைசியில் அவன் அதை எடுத்து வெயிலில் காட்டிப் படித்தபோது ‘குடியை விட’ என்பதும் ‘ஞாயிறு 4 மணி’ என்பதும் ‘டைப்ரைட்டிங்’ என்பதும் ‘மாடி’ என்பதும் மட்டும் மிச்சமிருந்தன. அப்போது வீட்டுக்கும், அலை வந்து திரும்புகிற கோட்டுக்கும் நடுவில் இருபத்தைந்து அடி இருந்தது.

டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் அவனுக்குப் புரிந்தது, அதை எப்படி விசாரிப்பது என்று தெரியவில்லை. குடிக்கிறவர்கள் கூடுகிற இடம் எது என்று கேட்டால் எல்லோரும் ஒயின் ஷாப்பைக் காட்டுவார்கள். ஒரு ஜெராக்ஸ் கடையில் போய் டைப்ரைட்டிங் கிளாஸ் எங்கே என்று கேட்டான். கடைக்காரப் பெண் அவன் வயதைப் பார்த்தாள், கிரீஸ் ஏறிய நகங்களைப் பார்த்தாள், எதிர்ச்சாரியில் ஒரு பச்சைக் கட்டடத்தைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் கிடையாது, கூட்டம்தான் நடக்கும் என்றாள். மாடிப்படியின் அடியில் போய் நின்றான். மேலேயிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் சிரிக்கும் சத்தம் வந்தது. குடிக்காமல் மனிதர்கள் அப்படிச் சிரித்து அவன் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பேய்வீட்டு வாசலில் நிற்பதுபோல் அவனுக்கு முதுகில் வேர்த்தது. திரும்பி நடந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் கடை இருந்தது, அன்றைக்கு இரண்டடி.

அடுத்த ஞாயிறு ஆறு படி ஏறினான், ஏழாவதில் இறங்கிவிட்டான். அன்றைக்கு மூன்றடி. அதற்கடுத்த ஞாயிறு, வீட்டுக்கும் கடலுக்கும் பதினான்கு அடி என்ற நிலையில், அவன் ஐந்தாவது படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து நடுக்கத்தை அமுக்கிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து ஒரு குண்டான பெண்மணி, ஐம்பத்தைந்து வயதிருக்கும், முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். கையில் பெரிய டீ ஃபிளாஸ்க். அவனைக் கடக்கும்போது நின்று மூச்சு வாங்கினார்.

“இதக் கொஞ்சம் பிடிங்க தம்பி. கம்பியப் பிடிச்சு ஏறணும் நான்.”

அவன் பிடித்தான். அவன் கையில் ஃபிளாஸ்க்கின் மூடி கடகடவென்று ஆடியது. அவர் அதைக் கேட்டார், கேட்காத மாதிரி ஏறினார், ஃபிளாஸ்க் அவனிடம் இருந்ததால் அவனும் பின்னால் ஏற வேண்டியிருந்தது. அப்படித்தான் அவன் அந்த அறைக்குள் போனான்.

துணி போர்த்திய டைப்ரைட்டர்களுக்கு நடுவே ஸ்டூல்களில் பதினோரு பேர் இருந்தார்கள். ஃபிளாஸ்க் கொண்டுவந்தவர் பத்மாவதி டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து, ஸ்கூல் பையில் பாட்டில் வைத்திருந்ததைப் பிள்ளைகள் பார்த்துவிட்ட நாளோடு வேலையை விட்டவர் என்று அவரே தன் முறை வந்தபோது சொன்னார். சுடலைமுத்து என்பவர் முன்பு லாரி ஓட்டியவர், இப்போது பஸ் ஸ்டாண்டு முன்னால் இளநீர் விற்கிறார். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் நடுவில் பேசவில்லை, புத்தி சொல்லவில்லை, அழுதவரைத் தட்டிக்கொடுக்கக்கூட இல்லை. முடித்ததும் அடுத்தவர் ஆரம்பித்தார். கதவு திறந்துதான் கிடக்கிறது என்று தொம்மை மூன்று தடவை திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டான். அவன் முறை வந்தது.

“நான் தொம்மை. சிலுவைத்துறை. குடிச்சா என் வீடு நகருது.”

யாரும் சிரிக்கவில்லை.

“எந்தப் பக்கம்?” என்று சுடலைமுத்து கேட்டார்.

“கடல் பக்கம்.”

“இன்னும் எவ்வளவு கெடக்கு?”

“பதினாலடி.”

“உள்ள ஆள் இருக்காங்களா?”

“பொண்டாட்டியும் மகளும்.”

சுடலைமுத்து தன் ஸ்டூலை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எங்க வீடு நகரல தம்பி. கட்டின எடத்துலயே நின்னுச்சு. உள்ள இருந்தவங்கதான் ஒவ்வொருத்தரா போனாங்க. வீடு நிக்குதேன்னு நான் பேசாம இருந்துட்டேன்.”

தொம்மை தான் கேட்க வந்ததைக் கேட்டான். நிறுத்திவிட்டால் வீடு எப்போது பழைய இடத்துக்குத் திரும்பி வரும் என்று கேட்டான். பத்மாவதி டீச்சர்தான் பதில் சொன்னார்.

“வராதுப்பா.”

அதைக் கேட்டதும் அவனுக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஓடினால் எங்கே போய் நிற்போம் என்பதும் தெரிந்தது, ஆகவே ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது டீச்சர் அவன் கையைப் பார்த்துவிட்டு, இந்த நடுக்கத்தோடு வீட்டிலிருந்தபடியே சடாரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரும், பெரியாஸ்பத்திரியில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். சுடலைமுத்து தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, குடித்த பிறகு கூப்பிட வேண்டாம், குடிக்குமுன் கூப்பிடு என்றார். அன்று மாலை அவன் இரண்டடி குடித்தான். மறுநாள் திங்கட்கிழமை காலை, பன்னிரண்டு அடி மீதமிருக்க, அமலியிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். பன்னிரண்டு வருடத்தில் அவன் சொல்லிவிட்டுப் போன இடம் அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள். அங்கே அவன் கட்டில் நகர்ந்தது, சுவர் நகர்ந்தது, கூரையிலிருந்து தண்ணீர் இறங்கி வந்து அவன் மூக்கு நுனியில் நின்றது. ஊசி போட்டதும் மேலே ஏறியது, மறுபடி இறங்கியது. ஏழாம் நாள் அவன் ஊருக்கு வந்து இறங்கியபோது கடற்கரை முழுக்க ஆட்கள் நின்றார்கள். வீடு ஆறு நாளாக அசையவில்லை என்று அவர்களால் நம்ப முடியவில்லை. துடுப்பை மண்ணில் படுக்கவைத்து அளந்து பார்த்தார்கள். மறுநாள் காலை வழக்கம்போல ஒருவர் வந்து “நேத்து எத்தன?” என்று கேட்டார், அமலி, “ஒண்ணுமில்ல” என்றாள், அவர் அதை நம்பாமல் ஒரு அடி சேர்த்துக் குறிவைத்துப் போய், பாறையைத் தவறவிட்டு வெறும் வலையோடு திரும்பினார். பத்து நாள் போனது. பதினைந்து நாள் போனது. கேட்க வருகிறவர் வருவதை நிறுத்தினார். அமலி மட்டும் நிறுத்தவில்லை. காலையில் எழுந்ததும் பின்வாசலைத் திறந்து, சுவர் அடியில் புது மண் தெரிகிறதா என்று பார்ப்பாள். தொம்மை பாயில் படுத்தபடி அவள் கதவு திறக்கும் சத்தத்தைக் கேட்பான், குடிக்கவில்லை என்று தெரிந்தும் அவன் நெஞ்சு அடித்துக்கொள்ளும், தூக்கத்தில் குடித்திருப்பேனோ என்று.

பத்தொன்பதாம் நாள் ராயப்பன் வந்தார். புதிதாக ஒரு பெரிய வள்ளம் இறக்கியிருக்கிறார், தடத்தில் திரும்பும்போது வீட்டின் மூலை இடிக்கிறது. சட்டைக்குள்ளிருந்து ஒரு குவார்ட்டரை எடுத்துத் தொம்மையின் கையில் வைத்தார்.

“ஒரே ஒரு அடிடே. அப்புறம் நானே உன்னக் கேக்க மாட்டேன்.”

வாங்க வேண்டும் என்று தொம்மை நினைக்கவில்லை, ஆனால் பாட்டில் அவன் கையில் இருந்தது. அமலி வாசல் நிலையில் நின்றாள். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள், வீடு நகரும்போது பிடித்துக்கொள்கிற அதே பிடி. மூடியில் அவன் விரல் போனது. அவன் பிரின்சியைக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருக்கும் நம்பரைப் போனில் போடச் சொன்னான், அவனால் பட்டனை அழுத்த முடியவில்லை. அவள் போட்டுக் காதில் வைத்தாள். சுடலைமுத்து, பாட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கையில் என்றான். சரி, கையிலேயே இருக்கட்டும், போனை வைக்காதே என்று சொல்லிவிட்டு இளநீர் வரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், பொள்ளாச்சிக் காய்க்கும் உள்ளூர்க் காய்க்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசினார், கண்டக்டரிடம் சிலுவைத்துறைக்கு இரண்டு டிக்கெட் கேட்பது போனில் கேட்டது, பஸ் ஹாரன் கேட்டது, ஒன்றேகால் மணி நேரம் அவர் பேசிக்கொண்டே வந்து, பத்மாவதி டீச்சரோடு கடற்கரையில் இறங்கி நடந்து வந்து, அவன் கையிலிருந்த பாட்டிலை வாங்கி ராயப்பனிடம் கொடுத்தார். ராயப்பன் அதுவரை போகாமல் மணலில் உட்கார்ந்திருந்தார். பாட்டிலை வாங்கிக்கொண்டு, வள்ளத்தை வேறு பக்கமாகத் திருப்பிக்கொள்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தொம்மை குடியை நிறுத்தி முப்பத்துமூன்றாம் நாள், காலை பதினொரு மணிக்குக் கள்ளக்கடல் வந்தது. காற்றில்லை, மழையில்லை, வானம் துடைத்தது போலிருந்தது. எங்கேயோ தூரத்தில் கிளம்பிய கடல் யாரிடமும் சொல்லாமல் கரையேறியது. முதல் அலை வாசற்படியை நனைத்தது. இரண்டாவது உள்ளே வந்து அடுப்பை அணைத்தது. ஊர் முழுக்கக் கோயில் மேட்டுக்கு ஓடியது. பிரின்சி செருப்புப் போட்ட காலோடு தயாராக நின்றாள். அமலி நடுவீட்டில் ஆட்டுக்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“எறங்கு அமலி,” என்றான் தொம்மை. தண்ணீர் அவன் முழங்காலில் இருந்தது.

“நான் எறங்கினா போயிரும்.”

“நீ இருக்கிறதால நிக்கல. நான் குடிக்காததால நிக்குது.”

“பன்னெண்டு வருஷம் நான் இருந்ததாலதான் நின்னுச்சு,” என்றாள். அதில் பொய் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அடுத்த அலை பின்சுவரில் மோதித் திரும்பி, மணல் சாக்குகளை அவிழ்த்துக்கொண்டு போனது. தொம்மை அவளுக்கு எதிரே தண்ணீரில் குந்தினான். கழுத்துவரை நனைந்தான்.

“எனக்குப் பயமா இருக்கு,” என்றான். “வீடு போறதுக்கு இல்ல. நீ எறங்காம இருந்தா நான் என்ன ஆவேன்னு பயமா இருக்கு.”

அவன் பயந்து அவள் பார்த்ததில்லை. அவன் குடித்துத்தான் பார்த்திருக்கிறாள். அவள் எழுந்தாள். மகளை நடுவில் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் பின்வாசல் வழியாக இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில், வீடு வந்த வழியிலேயே மேட்டைப் பார்த்து நடந்தார்கள். அவர்கள் கித்தேரியின் ஆட்டுக் கொட்டிலை எட்டியபோது பின்னால் சத்தம் கேட்டது. வீடு இடியவில்லை. மணலிலிருந்து கழன்று, பன்னிரண்டு அடியையும் நிதானமாகக் கடந்து, ஓடுகள் உரச, கதவு திறந்தபடி, கடலுக்குள் நடந்து போனது; சிவப்பு ஓடு கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

மேட்டில் நின்ற ஊர் முழுவதும் தொம்மையைத் திரும்பிப் பார்த்தது. ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் கேள்வி அவனுக்கு விளங்கியது. அவன் வாயைத் திறந்துகொண்டு நின்றான். ராயப்பன்தான் முதலில் வந்து முகர்ந்தார். கித்தேரி முகர்ந்தாள், பங்குச் சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகர்ந்தார், வள்ளக்காரர்கள் வரிசையாக வந்தார்கள்.

“இவன் குடிக்கல,” என்று ராயப்பன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு அவர் முகம் வெளிறியது. குடிக்காதவன் வீடும் போகும் என்றால் யார் வீடும் போகும் என்று கூட்டத்துக்கும் தோன்றியிருக்க வேண்டும், பெண்கள் பிள்ளைகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஐஸ் கம்பெனி முதலாளி, மெஷின் ரூமுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையை அவர்களுக்குத் திறந்துவிட்டார். அது எந்தப் பக்கமும் நகரவில்லை. தொம்மைக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, இரண்டு நாளில் அது பயமாக மாறியது. ஞாயிற்றுக்கிழமை மாடியேறிப் போய், தன் முறை வந்தபோது அதைச் சொன்னான்: இத்தனை நாளும் குடித்தால் வீடு காட்டிக்கொடுக்கும், அதற்குப் பயந்தாவது கையைக் கட்டிக்கொண்டிருந்தேன், இப்போது காட்டிக்கொடுக்க ஒன்றுமில்லை, நான் குடித்தால் எனக்கு மட்டும்தான் தெரியும், என்னை என்னிடமே நம்பி ஒப்படைத்த மாதிரி ஆகிவிட்டது. பத்மாவதி டீச்சர், எங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் தம்பி என்றார். சுடலைமுத்து டீயை அவன் பக்கம் நகர்த்தினார்.

ஐந்தரை பஸ்ஸில் திரும்பினான். ஊர் நிறுத்தத்தில் இறங்கி, வெயில் சாய்ந்த ரோட்டில் ஐஸ் கம்பெனிக்கு நடந்தான். அமலி அறை வாசலில் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கல்யாணமான புதிதில் அவள் முகர்ந்து தெரிந்துகொள்வாள், பிறகு வீடு அவளுக்குச் சொல்லிவந்தது. அவனிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

“குடிச்சீங்களா?” என்று கேட்டாள்.

எதைச் சொன்னாலும் அது அப்படியே நிற்கும், அளந்து பார்க்க யாரும் வரப்போவதில்லை. அவள் கிட்டே வரவில்லை, மூக்கைக் கொண்டுவரவில்லை, அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு அவன் வாயிலிருந்து வரப்போகிற சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

“இல்ல,” என்றான்.

நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை. உள்ளே பிரின்சி வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. அமலி நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒதுங்கினாள்.